பாஸ்கர்வில் வேட்டைநாய்: முதல் வாசிப்பில் சறுக்கும் இடங்கள்

ஆர்தர் கோனன் டாயிலின் இந்த நாவலைப் பாதியில் மூடி வைத்த நண்பர்கள் எனக்கு உண்டு. எல்லோருடைய புகாரும் ஒன்றுதான்: "ஹோம்ஸ் கதைன்னு எடுத்தேன், ஆளையே காணோம்!" உண்மைதான். 15 அத்தியாயங்களில், ஆறாவதிலிருந்து ஏறக்குறைய ஆறு அத்தியாயங்களுக்குத் துப்பறியும் ஷெர்லக் ஹோம்ஸ் களத்தில் இல்லை. நண்பர் வாட்சனை இங்கிலாந்தின் டார்ட்மூர் பொட்டல்வெளிக்கு அனுப்பிவிட்டு, தான் லண்டனில் தங்கப்போவதாகச் சொல்லிவிடுகிறார். 'அவர் வரும்வரை புரட்டிவிடுவோம்' என்று நினைப்பதுதான் முதல் தவறு.

நாவலின் உயிரே அந்தப் பக்கங்களில்தான் இருக்கிறது. நள்ளிரவில் ஜன்னலோரம் மெழுகுவத்தியோடு நிற்கும் வேலைக்காரர், மட்டக்குதிரையை விழுங்கும் சேற்றுநிலம், நிலவொளியில் பாறைமேல் தெரியும் மனித உருவம், எல்லாமே அங்கேதான். அதில் இரண்டு அத்தியாயங்கள் வாட்சன் ஹோம்ஸுக்கு எழுதும் கடிதங்கள். அடுத்தது நாட்குறிப்பிலிருந்து தொடங்குகிறது. கடிதம்தானே என்று மேலோட்டமாகப் படித்தால் தொலைந்தீர்கள். பார்த்ததையெல்லாம் அவர் எழுதிவிடுகிறார். எது முக்கியம் என்று அவருக்கே தெரியாது. சலித்தெடுக்க வேண்டியவர் நீங்கள்தான்.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறு, வாட்சனை அசடாக நினைப்பது. பழைய சினிமாக்கள் செய்த வேலை அது. 1939-இல் பாசில் ராத்போன் ஹோம்ஸாக நடித்த படவரிசை தொடங்கியது. அதில் நைஜல் புரூஸின் வாட்சன் தடுமாறும் பெரியவராகவே பலர் மனதில் தங்கிவிட்டார். புத்தகத்து வாட்சன் ஆப்கானிஸ்தான் போரில் காயப்பட்டுத் திரும்பிய ராணுவ மருத்துவர். முதல் அத்தியாயத்தில், வீட்டுக்கு வந்தவர் மறந்துவிட்டுப்போன கைத்தடியை வைத்து அவர் போடும் கணக்கு பெரும்பாலும் தப்பாகிறது, சரி. ஆனால் டார்ட்மூரில் பல முடிச்சுகளைத் தனியாளாக அவிழ்ப்பவர் அவரே.

அந்தக் கைத்தடியை இன்னொரு காரணத்துக்காகவும் கவனியுங்கள். அதில் 1884 என்று பொறித்திருக்கிறது. அது ஐந்து வருடத்துக்கு முந்தையது என்று பேச்சு வருகிறது. ஆக, கதை நடப்பது 1889. ஹோம்ஸ் அருவியில் விழுந்து இறந்ததாக டாயில் 1893-இல் எழுதிய சிறுகதையின் சம்பவம் நடப்பது 1891-இல். 1901 ஆகஸ்டில் 'ஸ்ட்ராண்ட்' இதழில் இந்தத் தொடர் வந்தபோது ஹோம்ஸ் உயிர்த்தெழவில்லை. இது பழைய வழக்கு. அவர் திரும்பி வருவது 1903-இல் வெளியான வேறொரு சிறுகதையில். 'எப்படிப் பிழைத்தார்' என்று இந்த நாவலுக்குள் தேடினால் ஏமாற்றம்தான்.

இரண்டாம் அத்தியாயத்தில் வரும் பாஸ்கர்வில் குடும்பத்தின் பழைய சாபக் கதையைத் தாண்டிப் போகாதீர்கள். மொழி கொஞ்சம் கரடுமுரடு, இருக்கட்டும். அந்தப் பயம் உங்களுக்குள் இறங்காவிட்டால் பின்னால் வரும் ஊளைச் சத்தத்துக்கு மயிர்க்கூச்செறியாது.

துப்புகளில் எனக்குப் பிடித்தது செருப்புக் கடையில்கூட யாரும் கேட்காத ஒரு கேள்வி. லண்டன் ஹோட்டலில் அந்தக் குடும்ப வாரிசான சர் ஹென்றியின் பூட்ஸில் ஒற்றைக்கால் காணாமல் போகிறது. அது புத்தம் புதிய பழுப்பு நிற பூட்ஸ். பிறகு அது திரும்பக் கிடைக்கிறது, ஆனால் பழைய கறுப்பு பூட்ஸில் ஒன்று காணோம். புதியதை வைத்துவிட்டுப் பழையதை எடுக்கும் திருடன் எப்படிப்பட்டவன்? சிரிப்புக் காட்சி என்று கடந்துவிடாமல், அங்கேயே புத்தகத்தை மடியில் வைத்து இரண்டு நிமிடம் யோசியுங்கள். வழக்கின் பாதி அங்கே கிடக்கிறது.

குற்றவாளியைக் கடைசிப் பக்கத்தில்தான் காட்டுவார்கள் என்று காத்திருப்பதும் சரிவராது. 12-ஆம் அத்தியாயத்திலேயே அவன் பெயரை ஹோம்ஸ் சொல்லிவிடுகிறார். அதன்பின் ஆதாரத்தோடு எப்படிப் பிடிப்பது என்பதில்தான் பதற்றம். கடைசி அத்தியாயமோ முழுக்க விளக்கம்; அதை முன்கூட்டியே எட்டிப் பார்த்தால் எல்லாம் போச்சு.

சுருக்கப் பதிப்புகளில் கடிதங்கள்தான் முதலில் வெட்டுப்பட வாய்ப்பு. வாங்கும் முன் 15 அத்தியாயங்களும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். டாயில் இறந்தது 1930-இல். காப்புரிமை முடிந்துவிட்டதால் ஆங்கில மூலம் முழுதாக இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.