அடைக்கோழியைக் கொண்டு வீட்டிலேயே குஞ்சு பொரிக்கும் முறை

பினாங்கில் பாலிக் பூலாவ், நிபோங் திபால், புக்கிட் மெர்தாஜாம் பக்கங்களில் தரை வீடும் கொஞ்சம் கொல்லையும் உள்ளவர்கள், ஒரு சேவலும் நான்கைந்து கம்பத்துக் கோழிகளும் (நாட்டுக் கோழிகளும்) வைத்திருந்தால், இயந்திரமோ மின்விளக்கோ இல்லாமலே குஞ்சு எடுக்கலாம். முட்டைக்குச் சூடு கொடுப்பதும் அதைத் திருப்பி விடுவதும் கோழிக்குத் தெரிந்த வேலை. வெக்கை, மழை, எறும்பு, எலி ஆகியவற்றைக் கோழியால் தடுக்க முடியாது. அவற்றைப் பார்த்துக்கொள்வதே நம் வேலை. குடியிருப்புப் பகுதியில் கோழி வளர்க்க அனுமதி உண்டா என்பதை மாநகர் மன்றத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடைக்கு வந்ததை அறிதல்

அடைக்கு வந்த கோழி முட்டையிடுவதை நிறுத்திவிடும். இரவிலும் கூட்டை விட்டு எழாது. கை நீட்டினால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கேறும், கொத்தவும் வரும். அடிவயிற்று இறகு உதிர்ந்து தோல் வெறுமையாகத் தெரியும். பழைய முட்டைகளின் மேல் இரண்டு மூன்று நாள் உட்கார வைத்து, அது நிலையாக அமர்கிறதா என்று பார்த்த பிறகே நல்ல முட்டைகளை வையுங்கள். முட்டைக்காகவே பண்ணைகளில் வளர்க்கப்படும் இனங்களில் இந்தக் குணம் பெரும்பாலும் கழிக்கப்பட்டுவிட்டதால், அவற்றை நம்பி முட்டை வைக்க வேண்டாம். கிளந்தானில் உருவான செராமா இனம் நன்றாக அடைகாக்கும். ஆனால் அதன் சிற்றுடலுக்கு அடியில் சில சிறு முட்டைகளே அடங்கும்.

முட்டையும் வெக்கையும்

அதிகக் கவனம் தேவைப்படும் இடம் இதுதான். கடையில் வாங்கும் முட்டைகள் பெரும்பாலும் சேவல் சேராதவை, அவை பொரியா. சேவலோடு திரியும் கோழியின் முட்டைகளில், கீறலில்லாதவையாகவும் நடுத்தர அளவுள்ளவையாகவும் பார்த்து எடுங்கள். முட்டையைக் கழுவக் கூடாது; கழுவினால் ஓட்டின் மேலுள்ள இயற்கைப் பூச்சு போய், நுண்துளைகள் வழியே கிருமி நுழைந்துவிடும்.

கரு முழுமையாக வளர ஏறக்குறைய 37.5 பாகை செல்சியஸ் சூடு வேண்டும். ஆனால் 27, 28 பாகையிலேயே அது மெல்ல வளரத் தொடங்கி, போதிய சூடு கிடைக்காமல் நலிந்து இறந்துவிடக்கூடும். பினாங்கில் பகல் வெப்பம் 30 பாகையைத் தாண்டுவது வழக்கம் என்பதால், சமையலறை மேடையில் பத்து நாள் கிடந்த முட்டையை அடை வைப்பதில் பயனில்லை. வீட்டின் மிகக் குளிர்ந்த மூலையில், கூர்முனை கீழே இருக்குமாறு அடுக்கி, நான்கைந்து நாளுக்குள் சேர்ந்தவற்றை மட்டும் பயன்படுத்துங்கள். ஒரு கம்பத்துக் கோழிக்குப் பத்து முட்டை போதும். எல்லா முட்டைகளிலும் பென்சிலால் குறியிட்டு, ஒரே நேரத்தில் வையுங்கள்; பிறகு வேறு கோழி வந்து இடும் முட்டையை அடையாளம் கண்டு எடுத்துவிடலாம்.

கூடு அமைத்தல்

அகலமான கூடையில் இரண்டு அங்குலம் உலர்ந்த மணலோ மண்ணோ பரப்பி, நடுவில் குழிவாக்கி, மேலே வைக்கோலோ நன்கு காய்ந்த லாலாங் புல்லோ இடுங்கள். செள்ளு மொய்க்காதிருக்கக் கொஞ்சம் அடுப்புச் சாம்பலும் வேப்பிலையும் சேர்ப்பது வழக்கம். இடி விழுந்தால் முட்டை கெடும் என்று இரும்புத் துண்டும் கரியும் வைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த வழக்கத்தைக் கைவிடச் சொல்லவில்லை. ஆனால் முட்டையைக் கெடுப்பது இடியைவிடக் கூடையை நனைக்கும் சாரல்தான். செப்டம்பர் முதல் நவம்பர் வரை பெய்யும் கனமழையைக் கருத்தில் கொண்டு இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

எறும்பை ஒருபோதும் அலட்சியப்படுத்தாதீர்கள். ஓடு விரிசல் கண்டவுடன் நெருப்பெறும்புகள் ஈர வாடைக்கு வந்து, வெளிவர முடியாத குஞ்சைக் கடித்தே கொன்றுவிடும். கூடையை ஒரு பலகைமேல் வைத்து, பலகையின் கால்களைத் தண்ணீர் நிரப்பிய டப்பாக்களில் நிறுத்துங்கள். எலி, பாம்பு, உடும்பு நுழையாதபடி சுற்றிலும் அரை அங்குலக் கண்ணுள்ள கம்பி வலை அடியுங்கள். கோழியை இரவில் இடம் மாற்றினால் மிரளாது.

21 நாட்கள்

கோழி நாளுக்கு ஒருமுறை, ஏறக்குறைய கால் மணி முதல் அரை மணி நேரம் இறங்கித் தின்று, கழித்துவிட்டுத் திரும்பும். அதற்கு நெல்லோ சோளமோ தண்ணீரோடு அருகிலேயே இருக்கட்டும். ஏழாம் நாள் இரவில், கைப்பேசி விளக்கை முட்டையின் அகன்ற முனையில் பிடித்துப் பாருங்கள். கரு வளர்ந்தால் சிலந்தி வலை போல் இரத்த நாளங்கள் தெரியும். எதுவும் தெரியாத முட்டைகளை அகற்றிவிடலாம். 18ஆம் நாளுக்குப் பின் முட்டையைத் தொடவே கூடாது.

ஓட்டில் துளை விழுந்து குஞ்சு வெளிவர ஒரு முழு நாள்கூட ஆகலாம். இரக்கப்பட்டு ஓட்டை உரிக்காதீர்கள்; உள்ளே இரத்த நாளங்கள் வற்றாமல் இருந்தால் இரத்தம் கசிந்து குஞ்சு இறந்துவிடும். முதலில் பொரிந்த குஞ்சு, உடலுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கருவைக் கொண்டு இரண்டு நாள் வரை தீனியின்றித் தாங்கும்; ஆகவே மற்றவை பொரியும்வரை தாயைக் கிளப்ப வேண்டியதில்லை. 23ஆம் நாளுக்குப் பிறகும் அசைவில்லாதவை கூமுட்டைகள்.

குஞ்சு வளர்ப்பு

ஆழமற்ற தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் வையுங்கள். இல்லையெனில் குஞ்சு மூழ்கிவிடும். நொய்யரிசி மட்டும் போதாது. புரதம் மிகுந்த குஞ்சுத் தீவனம் வேண்டும். முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து அதிகம் என்பதால் அது குஞ்சுகளுக்கு ஆகாது. முதல் இரண்டு வாரம் பஞ்சாரம் எனும் கவிழ்கூடைக்குள் தாயோடு வைத்தால் காக்கையும் பூனையும் நெருங்கா. தரை ஈரமானால் இரத்தக் கழிச்சல் வரும். கொசு பெருகினால் கோழி அம்மை பரவும். வெள்ளைக்கழிச்சலுக்கான தடுப்பு மருந்தை முதல் வாரத்திலேயே கண்ணில் சொட்டாக விடலாம். அதற்குக் கால்நடைச் சேவைத் துறை அலுவலகத்தில் ஆலோசனை கேளுங்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் தாய் குஞ்சுகளைக் கொத்தி விரட்டத் தொடங்கும்போது, அவற்றைத் தனிக் கூண்டுக்கு மாற்றி, தாயைச் சேவலோடு விட்டுவிடுங்கள்.