99 சதவீதம் என்று சொல்லிக்கொண்டு வராதீர்கள்

புதுச்சேரி, கடலூர் பக்கத்துப் பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டு புராஜெக்ட் பார்க்க அவ்வப்போது கூப்பிடுவார்கள். பிள்ளைகள் மாறுகிறார்கள், தவறுகள் மாறுவதில்லை. பாதிக்கு மேல் நானும் ஒரு காலத்தில் செய்தவைதான். கணக்கை விடாதே, பைத்தான் கற்றுக்கொள், எழுதப் பழகு என்பதெல்லாம் எல்லோரும் சொல்வது, அதனால் விட்டுவிடுகிறேன். செயற்கை நுண்ணறிவு, ரோபோடிக்ஸ் ஆராய்ச்சியையே தொழிலாக எடுக்க நினைப்பவர்களைப் பின்னுக்கு இழுக்கும் சங்கதிகள் மட்டும் இங்கே.

சிமுலேஷனோடு நின்றுவிடுவது

கெஸீபோ என்ற சிமுலேஷன் மென்பொருளில் ரோபோ அழகாக ஓடும். நீங்களாகச் சேர்க்காத வரை அங்கே கியரில் ஆட்டம் கிடையாது, கேமரா படம் தாமதமாக வராது, கடற்காற்றில் கனெக்டர் பச்சை பூக்காது. உராய்வு, வெளிச்சம், எடை எல்லாவற்றையும் வேண்டுமென்றே மாற்றி மாற்றிப் பயிற்சி கொடுக்கலாம்தான். அதைச் செய்த பிறகும் நிஜ மோட்டார் ஒன்றைச் சுற்ற வைத்துப் பார்த்தே ஆகவேண்டும்.

கேள்வித்தாள் அவுட் ஆன பரீட்சை

இதுதான் எனக்கு ஆறாத ஒன்று. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பண்ருட்டி முந்திரியைத் தரம் பிரிக்கும் ரோபோ கை ஒன்றை ஒரு டீம் செய்தது. யோசனை நல்ல யோசனை. முழுப் பருப்பில் டபிள்யூ 180, டபிள்யூ 240, டபிள்யூ 320 என்று தரங்கள் உண்டு. ஒரு பவுண்டுக்கு எத்தனை பருப்பு நிற்கும் என்பதுதான் அந்த எண். 320 என்றால் 300 முதல் 320 பருப்பு வரை. அதற்குப் பிறகுதான் பாதியாகப் பிளந்தது, கருகியது, நொறுங்கியது எல்லாம். முழுசோடு பாதி கலந்துவிட்டால் வாங்குகிறவர் விடமாட்டார்.

நீலத் தட்டு ஒன்றில் பருப்பை வைத்து, ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் போட்டு மொபைலில் ஏழெட்டுப் படம் எடுத்திருந்தார்கள். எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் கொட்டி, குலுக்கி, 80 சதவீதம் மாடலுக்குப் பயிற்சி கொடுக்க, 20 சதவீதம் அது கற்றதைச் சோதிக்க.

"சார், 99 வந்துருச்சு சார்."

"எப்படிப்பா பிரிச்சீங்க?"

"ரேண்டமாத்தான் சார்."

இந்தப் பதிலைக் கேட்டால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். ஒரே பருப்பின் ஆறு படம் பயிற்சியில், ஏழாவது சோதனையில். கேள்வித்தாளை முதல் நாளே கையில் கொடுத்துவிட்டுப் பரீட்சை வைப்பது மாதிரி.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பாதிப் பருப்பைத் தட்டையான பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து வையுங்கள். மேலிருந்து பார்த்தால் முழுப் பருப்பு மாதிரியே இருக்கும், வளைவும் அதே, நிறமும் அதே. ஒரே ஒரு படத்தை வைத்து நாமே சொல்ல முடியாது. ஆனால் இவர்களுடைய மாடல் சரியாகச் சொன்னது. அதே பருப்பு அதே மாதிரிக் கவிழ்ந்து கிடக்கும் இன்னொரு படம் 'பாதி' என்ற பெயரோடு பயிற்சியில் இருந்தது. ஓரத்தில் ஒட்டிய தோல் துணுக்கை வைத்தே அடையாளம் கண்டிருக்கும். பருப்புகளைப் பேர் பேராக மனப்பாடம் செய்திருந்தது, அவ்வளவுதான்.

ஒரு முந்திரி ஆலையில் கொண்டுபோய் வைத்தார்கள். கவிழ்ந்து கிடந்த பாதிகளையெல்லாம் கை எடுத்து எடுத்து முழுசுப் பெட்டியில் போட்டது. பக்கத்தில் தரம் பிரித்துக்கொண்டிருந்த அக்கா, பருப்பை விரல் நுனியால் ஒரு புரட்டுப் புரட்டித் தள்ளிக்கொண்டே, "திருப்பிப் பாக்காம எப்படித் தம்பி தெரியும்?" என்றார்.

உண்மையான ஆராய்ச்சிக் கேள்வி அதுதான். பிரிப்பதை ஒழுங்காகச் செய்திருந்தால் மதிப்பெண் ஆரம்பத்திலேயே விழுந்திருக்கும். எந்தப் படங்களில் விழுகிறது என்று பார்த்திருந்தால் கவிழ்ந்த பாதிகள் கண்ணில் பட்டிருக்கும். இரண்டாவது கேமரா வைப்பதா, வழியிலேயே பருப்பைப் புரட்டிவிடுவதா என்று யோசனை போயிருக்கும். 99 வந்ததால் அந்த யோசனைக்கே இடம் இல்லாமல் போனது. அந்த 99-ஐப் பாராட்டிக் கையெழுத்துப் போட்ட வழிகாட்டிகள் மேல்தான் எனக்குக் கோபம் அதிகம்.

பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. 2017-ல் ஸ்டான்ஃபோர்டில் ஆண்ட்ரூ எங் குழு, மார்பு எக்ஸ்ரேயில் நிமோனியாவைக் கண்டுபிடிக்கும் மாடல் ஒன்றை வெளியிட்டது. தரவில் 30,805 நோயாளிகளின் 1,12,120 படங்கள். முதல் பதிப்பில் ஒரே நோயாளியின் படங்கள் பயிற்சி, சோதனை இரண்டு பக்கமும் வந்திருப்பதை வெளியாட்கள் சுட்டிக்காட்ட, நோயாளி வாரியாகப் பிரித்துத் திருத்திய பதிப்பைப் போட்டார்கள். பிரின்ஸ்டனின் சயாஷ் கபூரும் அரவிந்த் நாராயணனும் 2023-ல் வெளியிட்ட ஆய்வு, இப்படிச் சோதனையின் தகவல் பயிற்சிக்குள் கசிந்தது கண்டுபிடிக்கப்பட்ட கட்டுரைகளைத் தொகுத்தது: 17 துறைகளில் 294.

சரி, என்ன செய்யலாம்? பருப்புக்கு எண் கொடுங்கள், அந்த எண் ஃபைல் பெயரிலேயே இருக்கட்டும். பிரிப்பது படத்தை வைத்து வேண்டாம், பருப்பை வைத்துப் பிரியுங்கள். முடிந்தால் ஒரு ஆலையின் படங்களை முழுக்கச் சோதனைக்கே ஒதுக்கிவிடுங்கள். சைக்கிட்-லேர்ன் என்ற பைத்தான் நூலகத்தில் குரூப்கேஃபோல்டு என்று இதற்கே ஒன்று இருக்கிறது. படத்தைச் சுழற்றி, வெட்டிப் பெருக்குவது பிரித்த பிறகுதான். முதலிலேயே பெருக்கினால் மறுபடியும் கசியும். ஓடும் ரோபோவின் வீடியோ என்றால் ஓட்டம் ஓட்டமாகப் பிரியுங்கள். நொடிக்கு 30 படம் வரும்போது அடுத்தடுத்த இரண்டு படங்களுக்கு நடுவே 33 மில்லிநொடிதான், அதற்குள் உலகம் மாறிவிடாது.

ஆய்வகத்தில் சேர நேர்காணலுக்குப் போனால் முதல் கேள்வியே "எப்படிப் பிரித்தீர்கள்?" என்று வரலாம். எண்பத்துச் சொச்சம் வந்தது, இன்ன காரணத்தால் விழுந்தது என்று சொல்பவரிடம் மேலே பேசுவார்கள். "ரேண்டமாத்தான்" என்றால் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

பத்துக்குப் பத்து

பத்து முறை எடுக்கச் சொன்னேன், பத்து முறையும் எடுத்தது, ஆகவே 100 சதவீதம் என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: நிஜத்தில் 74 சதவீதம் மட்டுமே ஜெயிக்கும் ரோபோவுக்கும் தொடர்ந்து பத்து முறை ஜெயிக்க இருபதில் ஒரு வாய்ப்பு உண்டு. எத்தனை முறை ஓட்டினீர்கள் என்பதை மதிப்பெண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். நடுவில் கையால் தள்ளிவிட்டதும் தோல்விதான்.

பீச் ரோடு வீடியோ

புதுச்சேரி பீச் ரோட்டில் மாலையில் வண்டிகளை விடாத நேரத்தில் எடுத்துவிட்டு 'போக்குவரத்தில் ஓடும் ரோபோ' என்று தலைப்பு வைக்காதீர்கள்.

காசு கட்டிப் பேப்பர் போடுவது

வேண்டாம்.

லிப்போ பேட்டரி

ரோபோவுக்குப் போடும் லித்தியம் பாலிமர் பேட்டரியை முழு சார்ஜோடு அலமாரியில் வைத்துவிட்டு ஊருக்குப் போகாதீர்கள், உப்பிவிடும். செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்துவிட்டுப் போங்கள்.

அமெரிக்கா மட்டும்தான் என்று நினைப்பது

இது நம்ம ஊர்க்காரர்களிடம் எனக்குப் புரியாத விஷயம். பள்ளியிலேயே பிரெஞ்சு படித்திருப்பார்கள், ரூ துமா, ரூ சுஃப்ரன் என்று தெருப் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வளர்ந்திருப்பார்கள், பிரான்சின் ஆய்வகங்களை மட்டும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். துலூஸில் இருக்கும் லாஸ் ஆய்வகம் ஹிலார் என்ற நகரும் ரோபோவை 1970-களிலேயே செய்தது. பிரான்சின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான இன்ரியாவிலும் ரோபோடிக்ஸ் குழுக்கள் இருக்கின்றன. அங்கே பிஎச்.டி. என்பது பொதுவாகச் சம்பளத்தோடு மூன்று வருட ஒப்பந்தம்.

எழுதும்போது எல்லோருக்கும் ஒரே மெயிலைத் தட்டிவிடாதீர்கள். அந்தக் குழுவின் கட்டுரை ஒன்றை எடுத்து, அவர்கள் கொடுத்திருக்கும் நிரலை உங்கள் கணினியில் ஓட்டி, எது வந்தது, எது வரவில்லை என்று நாலு வரி எழுதுங்கள். 'ரெஸ்பெக்டட் சார், ஐ ஆம் பேஷனேட்' என்று தொடங்குவதை இரண்டாவது வரிக்கு மேல் யாரும் படிப்பதில்லை.