கோழிக்கு ராத்திரிதான் கால்சியம் வேண்டும்: தீனியில் நாம் செய்யும் தவறுகள்

காலையில் கூண்டுக்குள் கைவிட்டால் விரலில் ஏதோ மெத்தென்று படும். வெளியே எடுத்தால் ஓடே இல்லாத தோல்முட்டை, உள்ளங்கையில் தளதளவென்று ஆடும். கடும் வெயிலும் நோயும்கூட இதற்குக் காரணமாகலாம். ஆனால் வீட்டுக்கோழி என்றால் நான் முதலில் தீனியைத்தான் கேட்பேன்.

"நல்லா தின்னுதே, கம்பும் அரிசியும் வயிறு நிறையப் போடுறோமே" என்பார்கள். அங்கேதான் தவறு. ஒரு முட்டை ஓட்டுக்கு ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் வேண்டும். தானியங்களில் கால்சியத்துக்குப் பேர்போன கேழ்வரகிலேயே 100 கிராமுக்கு அரை கிராம்கூடக் கிடையாது. முட்டைக்கோழித் தீவனத்தில் மூன்றரை கிராமுக்கு மேல் இருக்கும். தவிட்டைக் கூட்டிப் போட்டாலும் சரியாகாது. அதிலுள்ள பாஸ்பரஸின் பெரும்பகுதி கோழிக்குச் செரிக்காத வடிவில் இருக்கிறது. போதாததற்கு அந்த வடிவம் கால்சியத்தையும் துத்தநாகத்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும்.

சரி, கால்சியம் கொடுக்கிறோம். எப்போது கொடுக்கிறோம்? ஓடு கட்டி முடிய 20 மணி நேரம் போல ஆகும்; அதில் பெரும்பகுதி இரவில் நடக்கிறது. அந்த நேரத்தில் கோழி தீனி எடுக்காது. அடைந்ததிலிருந்து விடியும்வரை அதற்குப் பட்டினிதான். குடலில் கால்சியம் தீர்ந்துவிட்டால் தொடை எலும்பின் உள்ளே சேர்த்துவைத்த இருப்பைக் கரைத்து ஓட்டுக்குக் கொடுக்கும். தினமும் இப்படியே நடந்தால் ஒருநாள் கால் தாங்காமல் உட்கார்ந்துவிடும். மாவாக அரைத்த கிளிஞ்சலைக் காலையில் மட்டும் கொடுத்தால் பொழுது சாய்வதற்குள் குடலைத் தாண்டிவிடும். உடைத்த உளுந்து அளவுக்கு நொறுக்கிய கிளிஞ்சலைச் சாயங்காலம், அடைவதற்கு முன் வையுங்கள். அது தீனியை அரைக்கும் உறுப்பான அரைவைப்பையில் தங்கி, ராத்திரி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். வெற்றிலைச் சுண்ணாம்பு மட்டும் வேண்டாம், வாயையும் குடலையும் அரித்துவிடும்.

எனக்கு மனசு பொறுக்காதது, வேண்டுமென்றே பட்டினி போடுவது. இறகு உதிர்த்து மறுபடி முட்டைக்குக் கொண்டுவர, பண்ணைகளில் நாள்கணக்கில் தீனியை நிறுத்தும் வழக்கம் இருந்தது. வீடுகளில் முட்டையிடுவதை நிறுத்தி அடைகாக்க உட்கார்ந்துவிட்ட அடைக்கோழியைத் தெளியவைக்கக் கட்டிப்போட்டுப் பட்டினி போடுகிறார்கள். அடையில் இருக்கும் கோழி ஏற்கெனவே அரைப்பட்டினி. நாளுக்கு ஓரிரு முறைதான் இறங்கித் தின்னும், உடம்பு இளைத்திருக்கும். அந்த நிலையில் இருக்கிற இரையையும் பிடுங்கினால் எலும்பு இருப்பும் சதையும் இன்னும் கரையும். முட்டைக்குத் திரும்பவும் நாளாகும். கம்பி அடித்தளமுள்ள காற்றோட்டமான கூண்டில், கூளம் எதுவும் போடாமல், தீனியும் தண்ணீரும் வைத்துச் சில நாள் விடுங்கள். பெரும்பாலும் அடை தெளிந்துவிடும்.

அப்புறம் குஞ்சுகள். "கால்சியம் நல்லதுதானே" என்று முட்டைக்கோழித் தீவனத்தையே அவற்றுக்கும் போடாதீர்கள். குஞ்சுக்கு 1 சதவீதம் போலப் போதும். மூன்று மடங்குக்கு மேல் போனால் சிறுநீரகம் கெட்டு, உள்ளுறுப்புகளில் வெள்ளை வெள்ளையாக உப்புப் படியும். தாயும் குஞ்சும் ஒரே தட்டில் தின்னும் வீட்டில், எல்லாவற்றுக்கும் குஞ்சுத் தீவனத்தைப் போட்டு, கிளிஞ்சலைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். முட்டையிடும் கோழி சாயங்காலமானால் தானாகவே அந்தக் கிண்ணத்தைத் தேடிப் போய்க் கொத்தும்.