இசை நிகழ்ச்சி விஐபி டிக்கெட்: கூடுதல் வெள்ளி எதற்குப் போகிறது?

முதலில் இருக்கை வரைபடத்தில் அதே பகுதியின் சாதாரண டிக்கெட் விலையைப் பாருங்கள். விஐபி 400 வெள்ளி, சாதாரணம் 270 என்றால், அந்த 130 வெள்ளிக்கு என்ன தருகிறார்கள்? கழுத்தில் மாட்டும் அட்டைப் பட்டையும் போஸ்டரும்தான் என்றால் வேண்டவே வேண்டாம். சவுண்ட்செக் (கலைஞர்கள் மேடையில் ஒலியைச் சரிபார்ப்பது) பார்க்க விடுகிறார்கள் என்றால் தாராளமாக வாங்கலாம். ஆனால் அது நிகழ்ச்சிக்குச் சில மணி நேரம் முன்பே நடக்கும். வேலை நாளென்றால் அரை நாள் விடுப்பு போடுங்கள். அங்கே போய்ப் பதிவு செய்யும் நேரத்தைத் தவறவிட்டால் பெரும்பாலும் அந்தச் சலுகை போச்சு, பணமும் திரும்பாது.

முன்கூட்டியே நுழைவது நிற்கும் பகுதிக்குத்தான் உதவும்; எண் போட்ட இருக்கைக்கு வீண்.

இன்னொன்று: சுமார் 55,000 பேர் கொள்ளும் சிங்கப்பூர் தேசிய விளையாட்டரங்கில் தரைப்பகுதி சமதளம். உயரம் குறைந்தவர்களுக்கு முன்னால் நிற்பவரின் தலைதான் தெரியும். மேடைக்குப் பக்கவாட்டில் உள்ள கீழ்த்தள இருக்கையே மேல்.