தார் பாலைவனம் போகிறீர்களா? ஒட்டகத்துக்குக் காசு கட்டும் முன் இதைப் படியுங்கள்

சித்திரை மாதத்துச் சேலம் வெயிலையே தாங்குகிறோம், ராஜஸ்தான் வெயில் என்ன செய்துவிடும் என்று நினைத்து முழு ஆண்டு விடுமுறையில் தார் பாலைவனத்து ஊரான ஜெய்சல்மேருக்கு டிக்கெட் போட்டுவிடாதீர்கள். மே, ஜூனில் அங்கே 45 டிகிரியைத் தாண்டும், பகலில் மணலில் கால் வைக்க முடியாது. அக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் பாதி வரைதான் நமக்கு. அரையாண்டு விடுமுறையில் வானிலை நன்றாக இருக்கும், ஆனால் கூட்டமும் விலையும் அப்போதுதான் உச்சம். பொங்கல் முடிந்து போக முடிந்தால் நிம்மதி. டிசம்பர், ஜனவரி இரவுகளில் குளிர் பத்து டிகிரிக்குக் கீழே இறங்கிவிடும். ஏற்காட்டுக்குப் போட்டுப்போகும் மெல்லிய ஸ்வெட்டரை நம்ப வேண்டாம், குல்லா, சாக்ஸ் எல்லாம் வேண்டும்.

பெங்களூரு போய் அங்கிருந்து ஜோத்பூருக்கு ரயில் பிடிப்பது ஒரு வழி. ஒன்றரை நாளுக்கு மேல் ஆகும், தட்டுவடை கொஞ்சம் தாராளமாகவே கட்டிக்கொள்ளுங்கள். ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேர் ரயிலில் ஐந்தாறு மணி நேரம்.

இனி முக்கியமான விஷயம். மணல்மேடு பார்க்க இரண்டு இடங்கள் பிரபலம். ஜெய்சல்மேரிலிருந்து மேற்கே சுமார் 40 கிலோமீட்டரில் சாம், தென்மேற்கே 50 கிலோமீட்டர் போல குரி. சாமில் வரிசையாகக் கூடாரங்கள், ஜீப், நாலு சக்கர பைக், ராத்திரி ஸ்பீக்கர் வைத்துப் பாட்டு என்று பொருட்காட்சி மைதானம் மாதிரி இருக்கும். சின்னப் பிள்ளைகளும் பெரியவர்களும் சேர்ந்து போகிற குடும்பத்துக்கு அது வசதிதான், கழிவறை பக்கத்திலேயே இருக்கும். பாலைவனத்தையே பார்க்க வேண்டும் என்றால் குரியோ, அதையும் தாண்டி உள்ளே போகிற சவாரியோதான் சரி. கூடாரத்தின் போட்டோவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், உங்களைக் கூட்டிப்போகிற ஒட்டகக்காரர் யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அதனால் காசு கொடுக்கும் முன் கேளுங்கள்: ஒட்டகத்தில் எவ்வளவு நேரம், ஜீப்பில் எவ்வளவு நேரம்? ஆளுக்கு ஒரு ஒட்டகமா, இரண்டு பேருக்கு ஒன்றா? தூங்குவது கூடாரத்திலா, திறந்த மணலிலா, கம்பளி எத்தனை தருவார்கள்? தண்ணீர் அவர்கள் பொறுப்பா? கூட வருகிறவர் அந்தப் பக்கத்து ஊர்க்காரரா? "எல்லாம் இருக்கு சார்" என்று மட்டும் சொல்கிறவரிடம் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம். ரயில் நிலைய வாசலிலேயே மிக மலிவாக அறை தருகிறேன் என்று பிடிப்பவர்கள் பெரும்பாலும் அந்தக் காசைச் சவாரியில் எடுத்துவிடுவார்கள்.

ஒட்டகம் எழும்போது பின்னங்காலைத்தான் முதலில் தூக்கும், நீங்கள் முன்னால் குப்புறச் சாய்வீர்கள். உட்காரும்போது முன்னங்காலை முதலில் மடக்கும், அப்போதும் முன்னால்தான் தள்ளும். ஆக, இரண்டு முறையும் பின்னால் சாய்ந்து சேணத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் தொடை கடுக்க ஆரம்பிக்கும். கூச்சப்படாமல் இறங்கிக் கொஞ்சம் நடங்கள். வேட்டி, புடவையெல்லாம் வேண்டாம், தளர்வான பேன்ட் அல்லது சுடிதார் போதும். மணல் எல்லாவற்றிலும் புகும் என்பதால் போனை ஒரு ஜிப் கவரில் போட்டுக்கொள்ளுங்கள். இரவில் டார்ச் இல்லாமல் கால் வைக்காதீர்கள், காலையில் ஷூவை உதறிவிட்டுப் போடுங்கள், தேளும் சுருட்டை விரியனும் உள்ள மண் அது.

மணல்மேட்டில் ஜீப் ஏறி இறங்கும் சவாரி கர்ப்பிணிகளுக்கும் முதுகுவலிக்காரர்களுக்கும் கட்டாயம் வேண்டாம்.

சோறு கிடைக்காதே என்று கவலைப்படுகிறவர்கள் பருப்புப்பொடி எடுத்துப்போகலாம், ஆனால் கம்பு ரொட்டியும் கேர் சாங்ரி கறியும் சாப்பிடாமல் வராதீர்கள். சாங்ரி என்பது நம் கோயில்களில் நிற்கிற அதே வன்னி மரத்தின் காய்.

பறவை பார்க்கிற பழக்கம் இருந்தால் பாலைவனத் தேசியப் பூங்காவுக்கு ஒரு காலைப்பொழுதை ஒதுக்குங்கள். 3,162 சதுர கிலோமீட்டர் பரப்பு. உலகத்திலேயே இருநூறுக்கும் குறைவாக மிஞ்சியிருக்கும் கானமயிலுக்கு இதுதான் முக்கியமான புகலிடம். கண்ணில் படும் என்று எந்த வழிகாட்டியும் உறுதி கொடுக்க முடியாது, கொடுத்தால் அவரை நம்பாதீர்கள். பாலிவால் மக்கள் விட்டுப்போன குல்தரா கிராமம் சாம் போகிற வழியிலேயே வருகிறது, பேய்க்கதை சொல்ல ஆள் வைத்துக்கொள்ளத் தேவையில்லை. 1156-இல் கட்டத் தொடங்கிய ஜெய்சல்மேர் கோட்டைக்கு மட்டும் வழிகாட்டி வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே இன்னும் ஜனங்கள் குடியிருக்கிறார்கள், சந்துகளில் வழி தெரியாது.

லோங்கேவாலா, தனோட் பக்கம் போனால் பாகிஸ்தான் எல்லை நெருங்கும், ஆதார் அட்டையை மறக்க வேண்டாம். மணலுக்குள் சிக்னல் கிடைப்பது சந்தேகம் என்பதால் ரொக்கம் வைத்திருங்கள். இனாம் கொடுப்பதாக இருந்தால் முகவரிடம் தராமல், ஒட்டகத்தைப் பிடித்து நடந்து வந்தவர் கையிலேயே கொடுங்கள்.