எலி சீரத்துல ஐஎல்-6 அளக்கிறது: முதல் தடவை எலைசா போடுறவங்களுக்கு

ஐஎல்-6ங்கிறது உடம்புல அழற்சி வந்தா ரத்தத்துல ஏறுற ஒரு புரதம், எலைசாங்கிறது அத ஆன்டிபாடியால பிடிச்சு கலர் வர வச்சு அளக்கிற டெஸ்ட். எங்க டர்பன் லேப்ல புதுசா சேர்ந்த தம்பி, சாட்ஸ்வர்த் பையன், கிட் டப்பாவ திறந்ததுமே கேட்டான், "அக்கா, 96 குழி இருக்கே, 96 எலிக்கு போட்டுரலாமா?"ன்னு. முடியாதுடா. ஸ்டாண்டர்ட் (அளவு தெரிஞ்ச ஐஎல்-6) 7, வெறும் பஃபர் 1, எல்லாமே ரெண்டு ரெண்டு குழி, அதுலயே 16 போச்சு. மிச்ச 80ல ஒவ்வொரு சாம்பிளும் ரெண்டு தடவை, ஆக 40 எலிதான்.

முதல்ல டப்பா மேல மவுஸ்னு இருக்கான்னு பாருங்க, மனுஷ ஐஎல்-6க்கு செஞ்ச ஆன்டிபாடி எலியோடத பெரும்பாலும் பிடிக்காது. அதே மாதிரி லேப்ல கிடக்கிற ஆன்டி-மவுஸ் ஆன்டிபாடிய (எலியோட ஆன்டிபாடியவே பிடிக்கிறது) இதுல கலந்துராதீங்க, எலி சீரம் பூரா எலி ஆன்டிபாடிதானே, எல்லா குழியும் மஞ்சளாயிரும்.

அடுத்து சீரம், இங்கதான் நிதானம் வேணும். 25 கிராம் எலிக்கு உடம்புல மொத்தமே 2 மில்லி போலத்தான் ரத்தம், உயிரோட வச்சு எடுக்கிறதா இருந்தா அதுல பத்துல ஒரு பங்கு, அதாவது 200 மைக்ரோலிட்டர் வரைக்கும்தான், அதுவும் எத்திக்ஸ் கமிட்டி ஒத்துக்கிட்ட அளவுக்குள்ள. அரை மணி நேரம் வெளிய வச்சு உறைய விட்டு சென்ட்ரிஃப்யூஜ்ல 2000 ஜில 10 நிமிஷம் சுத்துங்க, மேல சீரம் 80 மைக்ரோலிட்டர் நின்னா சந்தோஷம். வைக்கோல் கலர்ல இருக்கணும், ரோஸா இருந்தா சிவப்பணு உடைஞ்சிருக்கு, அதுல இருந்து வர்ற ஹீமும் (ரத்தத்துக்கு சிவப்பு குடுக்கிறது) டிஎம்பிய (கடைசியில கலர் வர ஊத்துறது) நீலமாக்கும்கிறதால இல்லாத ஐஎல்-6 இருக்கிற மாதிரி காட்டிரும். உடனே போடலன்னா சின்ன சின்ன ட்யூப்ல பிரிச்சு மைனஸ் 80ல வைங்க, உருக்கி உருக்கி திரும்ப உறைய வைக்கவே கூடாது.

60 சீரம், 60 பஃபர் கலந்தா 120. குழிக்கு 50ன்னு ரெண்டு குழி, தீந்துச்சு.

ஸ்டாண்டர்ட் மில்லிக்கு 500 பிக்கோகிராம்ல ஆரம்பிச்சு பாதி பாதியா 250, 125னு 7.8 வரைக்கும் இறக்கணும், ஒவ்வொரு ட்யூப்லயும் டிப் மாத்தி நல்லா கலக்கிட்டுத்தான் அடுத்ததுக்கு போகணும் (உங்க கிட்டுல நம்பர் வேற இருக்கலாம், உள்ள இருக்கிற பேப்பர படிங்க). சாம்பிள் ஊத்தி மூடி 2 மணி நேரம். அதுக்குள்ள நான் போய் ஒரு குவார்ட்டர் மட்டன் பன்னி சாவ் (கால் ரொட்டிய குடைஞ்சு உள்ள மட்டன் கறி ஊத்தினது) சாப்பிட்டு வந்துருவேன், கைய சோப்பு போட்டு கழுவிட்டுத்தான் பிளேட் பக்கமே வருவேன்.

அடியில ஒட்டின ஆன்டிபாடி ஐஎல்-6அ பிடிச்சு வச்சிருக்கும், பயோட்டின் போட்ட ரெண்டாவது ஆன்டிபாடி மேல வந்து உக்காரும், அது மேல ஸ்ட்ரெப்டாவிடின்-எச்ஆர்பி (பயோட்டின்ல ஒட்டிக்கிற புரதமும் டிஎம்பிய நீலமாக்கிற என்சைமும் சேர்ந்தது). ஒவ்வொண்ணுக்கும் நடுவுல வாஷ். குழிக்கு 300 மைக்ரோலிட்டர், நாலஞ்சு தடவை, ஒவ்வொரு தடவையும் கவுத்து டிஷ்யூல பட்டு பட்டுன்னு தட்டணும். தம்பி பூப்போல தட்டினான், ரெண்டு குழிக்கு நடுவுல ரீடிங் அவ்ளோ வித்தியாசம். அப்புறம் ஒண்ணு, அசைடு (கெட்டுப்போகாம இருக்க போடுறது) போட்ட பஃபர் கிட்டயே வரக்கூடாது, எச்ஆர்பி செத்துரும்.

டிஎம்பி ஊத்தி 20 நிமிஷம் இருட்டுல வைங்க, நீலம் ஏறும், ஸ்டாப் சொல்யூஷன் ஆசிட், அது விழுந்ததும் மஞ்சளாயிரும், அரை மணிக்குள்ள பிளேட் ரீடர்ல 450 நானோமீட்டர்ல படிக்கணும். 2023ல லோட்ஷெடிங் (முறை வச்சு கரண்ட நிறுத்துறது) ஓடிட்டிருந்தப்ப ஒரு நாள் ஸ்டாப் போட்டுட்டு ரீடர் பட்டன அமுக்கினேன் பாருங்க, கரண்ட் போச்சு. திரும்ப வர 2 மணி நேரம், பிளேட்டு குப்பைக்கு. அன்னையில இருந்து படிக்கிற நேரத்த முதல்ல குறிச்சிட்டு பின்னாடி இருந்து கணக்கு போட்டுத்தான் காலையில ஆரம்பிக்கிறேன்.

ஸ்டாண்டர்ட் ரீடிங்க வச்சு கர்வ் 4பிஎல்ல (எஸ் மாதிரி வளையிற கோடு) போடுங்க, நேர்கோடு வேணாம். வந்த நம்பர ரெண்டால பெருக்கணும், பாதிக்குப் பாதி கலந்தோமில்ல. தம்பி இத மறந்துட்டுத்தான் ஒரு வாரமா எல்லா எலியும் நல்லா தேறிடுச்சுன்னு சொல்லிட்டுத் திரிஞ்சான்.