டெல்லியின் குளிர்காலக் காற்றும் உறங்கவிடாத மனமும்: சில வழிமுறைகள்

தீபாவளி கழிந்ததும் டெல்லியில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் மனத்தில் இரண்டு பாரங்கள் ஏறிக்கொள்கின்றன. பிள்ளையின் நுரையீரல் என்ன ஆகுமோ என்ற கவலை ஒன்று. காற்றுச் சுத்திகரிப்பான் ஓடும் அறையில் நாம் படுத்திருக்க, வாசல் காவலாளி சுள்ளியையும் குப்பையையும் எரித்துக் குளிர்காய்கிறாரே என்ற குற்ற உணர்வு மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பலரும் களைத்துப்போகிறார்கள் என்பது என் எண்ணம். கவலைக்கு வரம்பு கட்ட வேண்டும்; குற்ற உணர்வையோ அது யாரைப் பற்றியதோ அவரிடமே கொண்டுபோக வேண்டும்.

கவலையைக் கைபேசியிலிருந்து தொடங்குங்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலி காட்டும் காற்றுத் தரக் குறியீடு, நுண்துகள்களைப் பொறுத்தவரை 24 மணி நேரச் சராசரியைக் கொண்டு கணிக்கப்படுவதால், அரை மணிக்கொரு முறை அதைத் திறந்து பார்ப்பதில் படபடப்பு கூடுமே தவிரப் புதிதாக ஏதும் தெரியவராது. தனியார் செயலிகள் சில அமெரிக்க அளவுகோலைப் பின்பற்றி அதே நேரத்தில் வேறோர் எண்ணைக் காட்டும் என்பதால், ஏதேனும் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் முன் ஒருமுறை, மாலையில் விளையாட விடும் முன் ஒருமுறை பார்த்தால் போதும். எந்த எண்ணுக்கு என்ன செய்வது என்பதை முன்கூட்டியே முடிவுசெய்து எழுதி வையுங்கள். குறியீடு 300-ஐத் தாண்டினால் வெளியில் விளையாட்டு இல்லை, வெளியே சென்றால் என்95 முகக்கவசம் என்று ஒருமுறை தீர்மானித்துவிட்டால் தினமும் அதே விவாதத்தை நடத்த வேண்டியிராது. துணி முகக்கவசம் நுண்துகளுக்குப் பயன்படாது.

"பேசாமல் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிடுங்கள்" என்று ஊரிலிருந்து அம்மாவோ மாமியாரோ தொலைபேசியில் சொல்லும்போது நெஞ்சு கலங்கத்தான் செய்யும். ஊர் மாறுவது உண்மையிலேயே யோசிக்கத்தக்க முடிவு. ஆனால் நவம்பர் மாத நள்ளிரவில் எடுக்கத்தக்க முடிவன்று. வேலை, பள்ளி, வீட்டுக் கடன் அனைத்தையும் வைத்துக்கொண்டு கணவனும் மனைவியும் மார்ச் மாதத்தில் நிதானமாகப் பேசுவதாக நாள் குறித்துவிட்டு, அதையே அம்மாவிடமும் சொல்லிவிடுங்கள்.

இனி அந்தக் காவலாளி. முதலில் அவரிடமே சென்று, இரவுப் பணியில் என்ன தேவை என்று கேளுங்கள். கம்பளியா, காவல் அறைக்கு ஒரு மின் இணைப்பா என்பது அவருக்குத்தான் தெரியும். டெல்லி வட்டாரத்தில் மாசு அதிகரிக்கும்போது நடைமுறைக்கு வரும் படிநிலைச் செயல்திட்டமே, காவலாளிகளுக்கு மின் ஹீட்டர் வழங்குமாறு குடியிருப்போர் நலச் சங்கங்களைக் கேட்டுக்கொள்கிறது. ஆகவே சங்கக் கூட்டத்தில் நீங்கள் தயங்காமல் இதை எழுப்பலாம். ஹீட்டர் வாங்குவது எளிது. மின் கட்டணத்தை யார் கட்டுவது, பழுதானால் யார் பார்ப்பது என்பவற்றையும் அக்கூட்டத்திலேயே எழுத்தில் பதிவுசெய்யுங்கள், இல்லையேல் ஜனவரியில் மீண்டும் சுள்ளிதான் எரியும். மூடிய அறைக்குள் கரி அடுப்பை வைத்து உறங்கினால் கார்பன் மோனாக்சைடு உயிரையே பறித்துவிடும் என்பதையும் அவரிடம் அவசியம் சொல்லுங்கள்.

வயலில் வைக்கோலை எரித்து டெல்லிக் காற்றில் புகை சேர்க்கிறார்களே என்று பஞ்சாப், ஹரியாணா விவசாயிகள் மீது எழும் கோபமும் மனத்தை அரிக்கும். நிலத்தடி நீரைக் காப்பதற்காக அவ்விரு மாநிலங்களும் 2009-இல் இயற்றிய சட்டங்கள் நெல் நடவை ஜூன் மாதத்துக்குத் தள்ளின. அதனால் நெல் அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையே சில வாரங்களே எஞ்சுகின்றன. வைக்கோலுக்குத் தீ வைப்பவரும் இந்த நெருக்கடியில் சிக்கியவர் என்று அறிந்தால் கோபம் ஓரளவு தணியும்.

நன்கொடைக்கு மாதந்தோறும் ஒரு தொகையை ஒதுக்கிவிடுங்கள். பிறகு உதவி கேட்டு வரும் ஒவ்வொரு வேண்டுகோளையும் கண்டு புதிதாக மனம் நோக வேண்டியதில்லை.

இவ்வளவுக்குப் பின்னும் உறக்கமின்மையோ பசியின்மையோ இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், மத்திய அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண்ணான 14416-ஐ அழையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட இச்சேவை 24 மணி நேரமும் இலவசமாக, தமிழ் உட்படப் பல மொழிகளில் கிடைக்கிறது. நேரில் மருத்துவரைப் பார்க்க விரும்புவோர் தில்ஷாத் கார்டனில் உள்ள இஹ்பாஸ் மனநல மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவுக்குச் செல்லலாம். பேசும்போது காற்றைப் பற்றிய கவலை என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாமல், எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது, எந்த எண்ணம் திரும்பத் திரும்ப வருகிறது, பகலில் எந்த வேலை தடைப்படுகிறது என்பவற்றையும் சொல்லுங்கள்.